நாற்பத்து மூன்று பேர் தட்டிய விடுப்பு

அன்புத் தம்பி சுஹைலுக்கு,

பாளையங்கோட்டையிலிருந்து உன் உடன்பிறந்த லாத்தா நஸீமாவின் ஸலாம். நீயும் வீட்டாரும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். என் நலம் கீழே உள்ளது. போனில் சொன்னால் "பாக்குதேன் லாத்தா" என்று வைத்துவிடுகிறாய்; அதனால் எழுதுகிறேன்.

ஒரே சம்மதத்தை நாற்பத்து மூன்று முறை வாங்கி, ஒவ்வொரு முறையும் புதிதென்று எழுதிக்கொள்ளும் ஒன்றுக்கு அறிவு உண்டா? கல்லூரியில் இயற்பியல் நடத்தி, விடுதியையும் பார்த்துக்கொள்ளும் எனக்கு விடை தெரியவில்லை.

எங்கள் மாணவியர் விடுதிக்கு நீ செய்து தந்த விடுப்பு இணையதளத்தைத்தான் சொல்கிறேன். மாணவி விடுப்பு கேட்டால் அவள் அப்பாவின் போனுக்கு ஒரு லிங்க் போகும். அதன் வாலில் எண்=214, நாள்=2, சம்மதம்=ஆம் என்று இருக்கும்; தட்டினால் விடுப்பு. 214 என்பது முத்துராணி. ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு இரண்டு நாள் கேட்டாள். அவள் அப்பா தில்லைநாயகம் ஆழ்வார்குறிச்சியில் விவசாயி. அவர் லிங்கைச் சொந்தக்காரர் வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டார், நாற்பத்து மூன்று பேரும் தட்டினார்கள், உன் சர்வர் ஒவ்வொரு தட்டலுக்கும் இரண்டு நாள் கூட்டி எண்பத்தாறு நாள் விடுப்பு கொடுத்தது, முப்பதைத் தாண்டினால் இடம் காலி என்ற விதிப்படி அவள் கட்டிலைக் காத்திருப்போர் பட்டியலில் இருந்த ஸ்டெபிக்கு ஒதுக்கியது, ஸ்டெபியும் பெட்டியோடு வந்து நிற்கிறாள், முத்துராணிக்கு வரும் திங்கள் தேர்வு, தங்க இடமில்லை. ஏன் குழுவில் போட்டீர்கள் என்று அவள் அப்பாவிடம் போனில் கேட்டேன்.

"ஒத்தையில நான் எப்படிம்மா முடிவு சொல்ல? பெரியப்பாமாரு, தாய்மாமன் எல்லாரும் இருக்காவள்லா."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அலுவலக எழுத்தர் இசக்கிமுருகன் தானே சரிசெய்கிறேன் என்று வாலில் நாள்=-84 என்று அடித்தார். முதலில் 214க்குப் பதில் 241 என்று அடித்துவிட்டதால், லீவே கேட்காத சுப்ரஜா இன்று விடுதிக்கு எண்பத்து நான்கு நாள் பாக்கி. பிறகு 214 என்று அடித்தார். விடுப்பில் கழித்தல் எப்படி வரும் என்று உன் சர்வர் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? பேசாமல் கழித்துக்கொண்டது.

"கணக்கு நேராயிட்டு மேடம். கட்டில்தான் நேராவல," என்றார்.

ஆகவே தம்பி, இந்த லிங்கே வேண்டாம், எடுத்துவிடு. பழையபடி நோட்டில் தகப்பன் கையெழுத்து. அதை யாரும் வாலைப் பிடித்து மாற்ற முடியாது. தில்லைநாயகம் நாளை நேரில் வந்து இரண்டு நாள்தான் என்று கையெழுத்திட்டால் கட்டிலைத் திருப்பித் தருவதாக முதல்வர் சொல்லியிருக்கிறார்.

உன் மனைவி ஜன்னத்துல் பிர்தௌஸுக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம். அல்லாஹ் உனக்கு நல்ல சுகத்தையும், வந்ததையெல்லாம் நம்பாத புத்தியையும் தரட்டும்.

இப்படிக்கு,
லாத்தா நஸீமா

பி.கு. (மறுநாள்): லிங்கை எடுக்க வேண்டாம். தட்டுவது யார், முன்பே தட்டியாயிற்றா, வந்த எண் ஒழுங்கானதா என்று மட்டும் கேட்கச் செய். தில்லைநாயகம் காலை பஸ்ஸில் வந்தார். எங்கே கையெழுத்திட வேண்டும் என்று காட்ட, போன வருட நோட்டைப் பிரித்து வைத்திருந்தேன். அதில் அவர் பெயரில் ஐந்து கையெழுத்து, சுழியெல்லாம் போட்டு, அழகாக. அவர் பேனாவை வாங்கவில்லை.

"ரேகை வைக்க மை இருக்காம்மா? எனக்கு எழுத வராது."

முத்துராணி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நோட்டை மூடிவிட்டு மை கொண்டுவரச் சொன்னேன். ரேகை வைத்தார். முத்துராணிக்குக் கட்டில் கிடைத்தது; ஸ்டெபிக்கு வேறு அறை கொடுத்தோம்.