விதையருக்கு நான் பிணை

கனடாவில், மொன்றியல் நகரம் முழுவதிலும் பொய் சொல்லத் தெரியாத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரைத்தான் பிடித்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். பொய் சொல்லத் தெரிந்த நாங்கள் எல்லோரும் இங்கேயே சுகமாக இருக்கிறோம்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் கட்டடத்தில் ஒருவருடைய வாயிலும் நுழையவில்லை. கஞ்சா விதை விற்றார், அதனால் விதையர். மேல்மாடியில் அவர், அவருக்கு நேர் கீழே நாங்கள், மிச்ச வீடுகளில் எல்லாம் யாழ்ப்பாணமும் மன்னாரும். அவர் பேசியது கியூபெக் பிரெஞ்சு. நான் அதை எங்கள் தமிழில்தான் எழுதுவேன். எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.

கஞ்சாவுக்கு இருந்த தடையை எடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு தேர்தலிலும் நின்றார். மெட்ரோ வாசலில் பனிக்குள் நின்று தொண்டை கிழியக் கத்துவார். அவருக்கு விழுந்த வாக்குகளை விட எங்கள் கட்டடத்து வாசல்களில் கிடந்த செருப்புகள் அதிகம். அமெரிக்காவுக்குத் தபாலில் விதை அனுப்பும்போது, உள்ளே என்ன என்று எழுதும் இடத்தில் 'கஞ்சா விதை' என்றே எழுதுவார்.

"பூ விதை எண்டு எழுதினால் என்ன?" என்று கேட்டேன்.

"பூவும் வரும்தான். ஆனால் அதுக்காக ஒருத்தரும் வாங்கிறேல்லையே," என்றார்.

எனக்கு அந்த மனிதரைக் கண்ணில் காட்டக் கூடாது. புவாண்ட்-கிளேரில் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் நாள் முழுக்கப் பெட்டி தூக்கிவிட்டு வந்தால், படிக்கட்டெல்லாம் அந்த நாற்றம். ஒருநாள் ஏறிப் போய்க் கதவை இடித்தேன்.

"ஐசே, இஞ்சை பிள்ளையள் இருக்கிற இடம். உந்தப் புகையை நிப்பாட்டும்!"

"நான் புகைக்கிறேல்லை. எனக்கு நெஞ்சு வருத்தம். செடிதான் மணக்குது, வந்து பாரும்," என்று உள்ளே கூட்டிப் போனார். விளக்குகளுக்குக் கீழே செடிகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. "உங்கடை மனிசி அந்தக் கறிவேப்பிலையைச் சன்னலிலை வச்சுக் கொல்லுறா. மேலை கொண்டு வாரும்."

இந்த ஊர்ப் பனிக்காலத்தில் கறிவேப்பிலைச் செடி பிழைப்பது லேசான காரியம் இல்லை. என் மனைவி புஷ்பம் அதற்குக் கம்பளி எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டாள். விதையரின் விளக்கடியில் அது ஒரே மாதத்தில் மரமாகிவிட்டது. அதற்குப் பிறகு நாற்றத்தைப் பற்றி நான் வாய் திறந்தால் புஷ்பம் என்னைத்தான் ஏசினாள்.

அமெரிக்கா கேட்டது என்று எங்கள் பொலிஸ் வந்து அவரைப் பிடித்தது. விதையர் அவர்களுக்குக் கோப்பி போட்டுக் கொடுத்தார். அவர்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு படியிறங்கும்போது, விலங்கு போட்ட கையோடு நின்று கூப்பிட்டார்: "கட்டிலுக்குக் கீழை இன்னொரு பெட்டி இருக்கு. அதை விட்டிட்டியள்!"

கறிவேப்பிலையையும் சான்றுப் பொருளாகக் கொண்டுபோனார்கள். புஷ்பம் நைட்டியோடு வாகனத்துக்குப் பின்னால் ஓடினாள். "அது குழம்புக்குப் போடுறது! விசரங்களே, குழம்புக்கு!" அரசாங்க ஆய்வுகூடம் வரைக்கும் போய், குற்றமற்றது என்று வீடு திரும்பிய கறிவேப்பிலை உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

பிணை நிற்க அவருக்கு ஒருவரும் இல்லை. மனைவி எப்போதோ போய்விட்டாள். அவருடைய கஞ்சாக் கட்சிக்காரர்கள் எல்லோர் மேலும் ஏதாவது ஒரு வழக்கு இருந்தது.

"இஞ்சாருங்கோ, போய்க் கையெழுத்து வையுங்கோ," என்றாள் புஷ்பம்.

"கஞ்சாக்காரனுக்கு நானோ?"

"என்ரை கறிவேப்பிலையை உயிரோடை வச்சிருந்த மனிசன்."

வைத்தேன். பொழுதுபட்டால் அவர் வீட்டை விட்டு வெளியேறக் கூடாது. கஞ்சாவைத் தொடவும் கூடாது. பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. தினமும் மாடி ஏற எனக்கு முழங்கால் இடம் தரவில்லை. மாலைச் செய்தி தொடங்கும்போது வீடு கூட்டுகிற தும்புத்தடியால் சீலிங்கில் இடித்து, "இருக்கிறீரோ?" என்று கத்துவேன். மேலே காலால் இரண்டு தரம் உதைத்து, "இருக்கிறன்!" என்று தமிழில் பதில் வரும். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். நான் வேலையால் வரப் பிந்தினால் அவரே முதலில் உதைப்பார். கொஞ்சக் காலத்தில் யார் யாருக்குக் காவல் என்றே தெரியாமல் போய்விட்டது.

சூசை அண்ணை எங்கள் கட்டடத்துச் சட்ட மேதை. தன்னுடைய அகதி வழக்கில் தோற்று, மேன்முறையீட்டில் வென்று, அன்றிலிருந்து எல்லோருக்கும் பாடம் எடுப்பவர். விதையரை எங்கள் குசினியில் இருத்தினார்.

"கதை மாறக் கூடாது. நீதவான்ரை கண்ணைப் பாக்க வேணும். அமெரிக்கச் சிறையிலை என்ன நடக்கும் எண்டு கேக்கேக்கை அழ வேணும். எங்கை, அழும் பாப்பம்."

"வரேல்லையே."

"பிள்ளை புஷ்பம், ஒரு வெங்காயம் வெட்டு!"

வெங்காயத்துக்கு நாங்கள் எல்லோரும் அழுதோம். விதையர் அழவில்லை. அந்த நேரம் அவருடைய சட்டத்தரணி அம்மா வந்து, இது அகதி வழக்கு இல்லை என்று விளக்கினார். அமெரிக்கா ஆளைக் கேட்கிறது. அனுப்புவதற்கு அவர்கள் தந்த காகிதங்கள் போதுமா என்று மட்டும்தான் நீதிபதி பார்ப்பார். இவரிடம் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்.

சூசை அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்களை நாட்டை விட்டுக் கலைக்கிறதுக்கே நாள் முழுக்க இருத்தி வச்சுக் கேள்வி கேட்டவங்கள். இஞ்சை பிறந்த மனிசனை ஒண்டும் கேக்காமல் கலைப்பாங்களோ?"

எனக்கும் அதேதான். விதையரின் பாட்டன் பூட்டன் எல்லோரும் இந்த ஆற்றங்கரையில்தான் புதைந்து கிடக்கிறார்கள். விதை போனது இங்கேயிருந்து. குற்றமென்றால் இங்கேயே விசாரித்து இங்கேயே அடைக்க என்ன கேடு? பக்கத்து வீட்டுக்காரன் கேட்டான் என்று பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கிறது ஒரு நாடா? அங்கே போனால் வருஷக்கணக்கில் உள்ளே. நெஞ்சு வருத்தக்காரர் திரும்பி வருவாரா என்று அந்தச் சட்டத்தரணி அம்மாவும் சொல்லவில்லை.

வழக்கு நாளன்று கட்டடமே கோட்டும் சேலையுமாகப் போய் உட்கார்ந்தது. பின்வரிசையில் புஷ்பம் செபமாலை உருட்டினாள். நீதிபதி ஒன்றும் கேட்கவில்லை. அரசாங்கத்துச் சட்டத்தரணி காகிதத்தை வாசித்து முடித்ததும் விதையர் எழும்பினார். சட்டத்தரணி அம்மா அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தார். சூசை அண்ணை என் காதில், "இப்ப அழப்போறார், பார்," என்றார்.

"ஐயா," என்றார் விதையர், "எழுதியிருக்கிறது முழுக்கச் சரி. அலாஸ்காவை மட்டும் விட்டிட்டினம். அங்கையும் அனுப்பினனான்."

சூசை அண்ணை தலையில் அடித்துக்கொண்ட சத்தம் நீதிபதிக்கே கேட்டிருக்கும்.

நீதிபதி அனுப்பலாம் என்ற பிறகு, ஆளை அனுப்ப மந்திரியின் கையெழுத்து வேண்டியிருந்தது. அனுப்ப வேண்டாம் என்று கோயிலில் எல்லோரும் ஒப்பமிட்டு மனு அனுப்பினோம். மந்திரி வேறு காகிதத்தில் கையெழுத்து வைத்தார்.

லவால் பக்கத்துச் சிறையில் அவர் தானாகப் போய்ச் சரணடைய வேண்டும். நான்தான் காரில் கொண்டுபோனேன். அவருடைய மடியில் புஷ்பம் கட்டிக் கொடுத்த வடைப் பொதி. மெட்ரோ வாசல் வந்ததும் காரை ஓரங்கட்டினேன்.

"இறங்கும்."

"இது சிறை இல்லையே."

"எனக்குத் தெரியும். இறங்கி எங்கையாவது போய்த் துலையும். நான் காணேல்லை எண்டு சொல்லுறன்."

"நீரெல்லோ கையெழுத்து வச்சது. பேந்து உம்மைப் பிடிப்பாங்கள்."

"பிடிக்கட்டும்!"

"உமக்குப் பொய் சொல்ல வராது," என்றார். என்னை ஒருவரும் அவ்வளவு கேவலமாகத் திட்டியதில்லை. வடையைக் கடித்துக்கொண்டு, "காரை எடும், பிந்தப்போகுது," என்றார்.

இப்போது அரசாங்கமே கஞ்சாக் கடை திறந்து, "பொன்ஜூர்" சொல்லி, பையில் போட்டுக் கொடுக்கிறது. அந்தக் கடையைக் கடக்கும்போதெல்லாம் எனக்குப் பல்லை நெறுமத் தோன்றுகிறது.

அவர் போன பிறகு மேல்வீட்டுக்கு ஒரு சின்னக் குடும்பம் வந்தது. மாலைச் செய்தி தொடங்கினால் என் கை தும்புத்தடிக்குப் போகும். புஷ்பம் பறித்து மூலையில் வைப்பாள்.

ஒரு மாலை, செய்தி தொடங்கும் நேரம், தொலைபேசி அடித்தது. அமெரிக்கச் சிறையிலிருந்து அழைப்பு, ஏற்பதென்றால் ஒரு பொத்தானை அழுத்துங்கள் என்று ஒரு இயந்திரம் சொன்னது. அழுத்தினேன். பேச்சில்லை. எதன் மேலோ இரண்டு தரம் தட்டும் சத்தம்.

"இருக்கிறன்," என்றார் விதையர்.

நான் தொலைபேசியைப் புஷ்பத்திடம் நீட்டினேன். புஷ்பம் வாங்கி, கறிவேப்பிலை நல்லாய் இருக்கு என்று சொன்னாள். அது போன பனிக்காலமே பட்டுப்போயிருந்தது.