பைரிக்கு நான் சொன்ன அர்த்தம்

உண்மை பேசிய ஒரு மனிதரை ஊர் சிரிக்கப் பொய்யராக்கியவன் நான். அவர் பெயர் பைரி ராவுத்தர். கேட்ட சாமானைக் கொடுக்காமலே கொடைக்கானல் பஜாரில் இருபது வருஷம் மளிகைக் கடை நடத்தியவர், எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

கை பொட்டலம் கட்டும். கண் வானத்தில் பறவை தேடும். பருப்பு கேட்டவருக்குப் பொட்டுக்கடலை போகும். தேயிலை கேட்ட பள்ளங்கி கிராமத்துக்காரர் ஒருவர் மூக்குப்பொடியைக் கொண்டுபோய்க் கொதிக்கவைத்து, குடும்பமே மூன்று நாள் தும்மியதாகச் சொல்வார்கள்.

"சாமானப் பாத்துக் கட்டக் கூடாதா ராவுத்தரே?"

"சாமான் எங்க பறந்துரப் போகுது? இங்கனதான் கெடக்கும்."

மனிதர்களையும் அவர் பறவைகளாகத்தான் அடையாளம் சொல்வார். எங்கள் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா பருந்து. "தானா பிடிக்காது தம்பி, அடுத்தவன் பிடிச்சதப் பிடுங்கும்." கடை மாடியில் குடியிருந்த நான், பி.ஏ. படித்த குமாஸ்தா, மைனா. "எந்தப் பாஷையும் பேசும். அர்த்தம் மட்டும் கேக்கக் கூடாது."

அவருடைய ஆசை ஒன்றே ஒன்று: பைரி என்ற பறவை இங்கே உண்டென்று ஊர் நம்ப வேண்டும். வல்லூறு மரத்துக்கு மரம் பதுங்கித் துரத்தும்; பைரி அப்படியில்லை, உச்சியிலிருந்து கல்லைப்போல விழுந்து, பறக்கிற புறாவை ஆகாயத்திலேயே அடிக்கும், அது நம் தூண் பாறையில் இருக்கிறது என்பார். பஜாரில் ஒருவரும் நம்பவில்லை. "எல்லாம் வல்லூறுதான், போங்க பாய்" என்பார்கள்.

யுத்தத்துக்கு முந்தைய ஒரு சீசனில், மலைப் பறவைகளைப் பட்டியல் எடுக்க ஒரு துரை வந்தார். ராவுத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அவர ஒரு தடவ பாறைக்குக் கூட்டிட்டு வாங்க. அவரு புஸ்தகத்துல பைரின்னு விழுந்துட்டாப் போதும், இந்தப் பயலுக வாய் அடைச்சுரும்."

எனக்கும் துரையிடம் வேறு வேலைக்கு ஒரு சிபாரிசு வேண்டியிருந்தது. துரைக்கு இங்கிலீஷில் சொல்வதற்காக அகராதியைப் புரட்டினேன். என் சின்ன அகராதியில் பைரி இல்லை, வைரி இருந்தது. வைரி என்றால் பகைவன். படிக்காத மனிதர் வைரியைத்தான் பைரி என்கிறார் என்று முடிவு கட்டினேன். நன்றாகப் படித்தவன் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது.

மூவரும் வெள்ளனே போய்ப் பாறை விளிம்பில் நின்றோம். மூடுபனி விலகியது. பள்ளத்தின் மேல் ஒரு புறா தனியாகக் கடந்தது. திடீரென்று ராவுத்தர் கத்தினார்:

"அந்தா! பைரிங்க தொரை! றெக்க கத்தி மாதிரி கூரு! வயிறு செங்கல் நெறம்! அடிச்சுருச்சு, அடிச்சுருச்சு!"

துரை பனி படிந்த பைனாகுலரைத் துடைத்து நிமிர்வதற்குள் நாலைந்து இறகுகள் மட்டும் காற்றில் மிதந்தன. என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். பகைவன் என்கிறார் என்றேன். "யாருக்கு?" என்று துரை விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அவமானமாகிவிட்டது. இந்த ஆளுக்குக் கற்பனை அதிகம், அது சாதாரண வல்லூறுதான் என்றேன். துரை அப்படியே எழுதிக்கொண்டார்.

"எழுதிட்டாரா தம்பி?"

"எழுதிட்டாரு பாய்."

"பைரின்னா?"

"பைரின்னுதான்."

அன்று பஜார் முழுவதற்கும் ராவுத்தர் கணக்கில் டீ. அடுத்த வருஷம் புத்தகம் வந்தது. போஸ்ட்மாஸ்டர் கடை வாசலில் நின்று தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தார். தூண் பாறை: வல்லூறு ஒன்று.

"ஏலே, ராவுத்தரோட பைரி கோழிக்குஞ்சாப் போச்சுடா!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

அவர் என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

அதன்பின் அவர் வானத்தைப் பார்க்கவில்லை. பருப்பு கேட்டால் பருப்பே வந்தது. வாடிக்கையாளர்களுக்குப் பயமாகிவிட்டது. வருஷம் முடிவதற்குள் கடையை மூடிவிட்டு, வத்தலக்குண்டில் மகன் வீட்டுக்கு இறங்கிப் போய்விட்டார்.

சிபாரிசு கிடைத்தது, தூக்கம் போயிற்று. கடைசியில் நடந்ததை மறைக்காமல் துரைக்கு எழுதினேன். அதே பாறையில் அந்தப் பறவையைத் தாமும் பிறகு பார்த்ததாகவும், பட்டியலைத் திருத்திவிட்டதாகவும், முதலில் கண்டவர் என்று ராவுத்தர் பெயரைச் சேர்த்ததாகவும் பதில் வந்தது.

கடிதத்தோடு வத்தலக்குண்டுக்குப் போனேன். முழுவதையும் படித்துக் காட்டி, நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். கட்டிலில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"தொரை சோலி இருக்கட்டும். அன்னைக்கு அது விழுந்துச்சே, நீங்க பாத்தீங்களா?"

"இல்ல பாய். நான் துரை முகத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தார். "அடப் பாவி மனுசா! அம்புட்டு அழகு கண்ணு முன்னால விழுந்துச்சு, தொரை மூஞ்சியவா பாத்தீங்க? இருங்க, இருமல் நிக்கட்டும். மேல வந்து காட்டுறேன்."

அந்த மழைக்காலத்தை அவர் தாண்டவில்லை.

நானே தனியாகப் போய்க் கற்றுக்கொண்டேன். இப்போதெல்லாம் பைரி எனக்குத் தப்புவதில்லை. அது விழும்போதெல்லாம் பக்கத்தில் திரும்பி, "பாத்துட்டேன் பாய்" என்று சொல்லிவிடுகிறேன்.