நாற்பத்தோராவது ஃபாரம்

எங்கள் மலையில் தேன் எடுக்க ஒரு பருவம், கடுக்காய் பொறுக்க ஒரு பருவம் இருப்பதுபோல, சேவை பெற்றுக்கொள்வதற்கும் ஒரு பருவம் இருக்கிறது. அது மே மாதம். கீழே கள்ளக்குறிச்சியில் வெயில் கொளுத்தும்போது, மலைவாழ் மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்ற எண்ணம் கல்லூரிப் பிள்ளைகள் மனதில் தானாகவே ஊறும். நாங்களும் எங்களால் முடிந்த ஒத்துழைப்பை நல்கி வருகிறோம்.

போன மே மாதம் வந்தது ஒரு கிறிஸ்தவ சபையின் ஊழியப் பயணம். நாற்பது பிள்ளைகள். கூட்டி வந்தவர் ராஜதுரை சார், கல்லூரியில் வாத்தியார். பிள்ளைகள் அவரை ‘பிரதர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். நல்ல மனிதர். நாற்பது பேருக்கும் ஒரே மாதிரி நீல பனியன். முதுகில் ‘உங்களுக்குச் சேவை செய்ய வந்தோம்’ என்று எழுதியிருந்தது. முதுகில் எழுதியிருந்ததால் அவர்கள் திரும்பிப் போகும்போதுதான் எங்களால் படிக்க முடிந்தது.

முதல் நாள் எங்களுக்குக் கை கழுவுவது எப்படி என்று கற்றுக்கொடுத்தார்கள். எங்கள் தொட்டிக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும். நாற்பது பேரும் ஆளுக்கு ஒரு தடவை கழுவிக் காட்டியதில் தொட்டி காலி. இரண்டாம் நாள் ஊரைப் பெருக்கினார்கள். பாறையில் பாவாயி அக்கா காயப்போட்டிருந்த கடுக்காயையும் சேர்த்துப் பெருக்கிப் பள்ளத்தில் தள்ளிவிட்டார்கள். அக்கா பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு வெற்றிலையை மடித்தாள். ஒரு பையன் கிதார் வாசித்துப் பாடிக்கொண்டிருந்தான். பாட்டு நன்றாக இருந்தது.

பாவாயி அக்கா எங்கள் மகளிர் குழுவுக்குத் தலைவி. கைநாட்டு. நான் ஐந்தாவது வரை படித்தவள் என்பதால் செயலாளர். குழுவின் ரப்பர் முத்திரை என் வீட்டு அரிசிப் பானையில் இருக்கும். மற்றபடி, புது ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று பேசுகிறவள் நான்.

அந்த வாரம் என் கவலை வேறு. மகள் எழில்மதியை ஹாஸ்டல் பள்ளியில் ஒன்றாவது சேர்க்க வேண்டும். ஜாதிச் சான்றிதழ் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். வீட்டுக்காரர் குடகுக்கு வேலைக்குப் போயிருந்தார். எட்டு மாதமாக நான்தான் கீழே இருக்கும் ஆபீசுக்கு அலைந்தேன். அங்கே கிளார்க் அய்யப்பன் சார். அவர் கண்டுபிடித்த குறைபாடு இதுதான்: எனக்கு வலி எடுத்து 108 வண்டியில் மலையிறங்கும்போது, கோமுகி அணையைத் தாண்டியதும் வண்டியிலேயே எழில்மதி பிறந்துவிட்டாள். பிறப்புச் சான்றிதழில் கீழே இருக்கும் ஊர் ஏறிவிட்டது.

“பொறந்தது கீழ. மலைஜாதின்னு எப்புடிமா எழுதறது?”

“நானு, அவங்க அப்பா, எல்லாரும் மேலதாங்க சார்.”

“நீங்க மேல. கொழந்த கீழ. ஒரு அர மணி நேரம் முன்னாடி பொறந்திருந்தா இன்னிக்கே போட்டுக் குடுத்திருப்பேன். செவ்வாக்கெழம வா.”

இப்படி எத்தனையோ செவ்வாய்க்கிழமை.

மூன்றாம் நாள், வியாழக்கிழமை, ராஜதுரை சார் ஒரு கட்டுக் காகிதத்தோடு என் வாசலுக்கு வந்தார். பின்னால் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள்.

“ஒண்ணுமில்லம்மா. இவங்க இருபது மணி நேரம் சேவை செஞ்சாங்கன்னு ஆளுக்கொரு ஃபாரம். பயனாளி கையெழுத்து, முத்திரை. இது இல்லாட்டி காலேஜ்ல பரீட்சை எழுத வுடமாட்டாங்க. நாலு மணிக்கு பஸ்ஸு.”

நான் முத்திரையை எடுத்து வந்தேன். வேண்டுமென்று எதையும் செய்யவில்லை என்பதை இங்கே தெரிவித்துக்கொள்கிறேன். சான்றிதழ் கொடுப்பதைப் பொறுத்தவரை எனக்குத் தெரிந்த ஆபீஸ் ஒன்றுதான். அங்கே எப்படிக் கொடுப்பார்களோ அப்படித்தான் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன்.

“சேவை செஞ்சதுக்கு அத்தாட்சி வச்சிருக்கீங்களா?” என்று கதவுக்குப் பின்னால் இருந்து கேட்டேன்.

முதலில் நின்றவன் அஜித்குமார். போனை நீட்டினான். “போட்டோ இருக்குதுக்கா. பாருங்க, பெருக்கறேன்.”

“தொடப்பத்தப் புடிச்சிக்கினு நிக்கிறீங்க. பெருக்கற மாதிரி தெரியலிங்களே.”

“போட்டோவுல எப்புடிக்கா பெருக்க முடியும்?”

“அதத்தான் நானும் கேக்குறன். மூணு செராக்ஸ் இருக்குதா?”

“இந்த மலையில செராக்ஸ் எங்கக்கா இருக்கு?”

“கீழதான் இருக்குது. கச்சிராயபாளையம் போயிட்டு வந்துடுங்க.”

பாவாயி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். “முத்திர இருக்குது. மை இருக்குதான்னு பாத்தியாடி?” என்றாள். கடுக்காயை அவள் மறக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“செவ்வாக்கெழம வாங்க சார்” என்றேன்.

ராஜதுரை சார் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “ஏம்மா, நாங்க இன்னா தப்பு செஞ்சோம்?”

ஒரு தப்பும் இல்லை, நடைமுறை இதுதான் என்று சொல்லி, எழில்மதி அணையடியில் பிறந்த கதையைச் சொன்னேன். அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியது. “நாங்க நாப்பது பேரும் இதுக்காக ஜெபம் பண்றோம்மா.”

“பண்ணுங்க சார். ஆனா முத்திர அய்யப்பன் சார்கிட்டதான் இருக்குது.”

அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் காகிதக் கட்டிலிருந்து ஒரு ஃபாரத்தை உருவி அடியில் செருகினார். நான் கட்டை வாங்கி எண்ணிப் பார்த்தேன். ஃபாரம் நாற்பத்தொன்று.

“நாப்பது பேருதான வந்தீங்க?”

“ஒரு பொண்ணு வரல. ராதிகா. காய்ச்சல். அவங்க அப்பா அந்த ஆபீஸ்லதான்…” மிச்சத்தை முழுங்கிவிட்டார்.

அடியில் இருந்ததை எடுத்தேன். பெயர்: அ. ராதிகா. தகப்பனார்: அய்யப்பன்.

அதற்குமேல் எனக்கு அத்தாட்சி தேவைப்படவில்லை. நாற்பது ஃபாரத்திலும் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினேன். பிள்ளைகள் ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தார்கள்.

“அது ஒண்ண குடுத்துடும்மா” என்றார் ராஜதுரை சார்.

“இருக்கட்டுங்க சார். நாளைக்கு நானே அவருகிட்ட கொண்டுபோய்க் குடுத்துடறன்.”

மறுநாள் காலையில் எழில்மதியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். இடுப்பு மடியில் முத்திரை.

“இன்னிக்கு வெள்ளிதானம்மா? உன்ன செவ்வாக்கெழமதான வரச் சொன்னேன்?” என்றார் அய்யப்பன் சார். நான் ஃபாரத்தை மேசைமேல் வைத்தேன். படித்தார். கதவைப் பார்த்தார். “உக்காரும்மா” என்றார். எட்டு மாதத்தில் அந்த ஆபீசில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“இதுல கையெழுத்து இல்லியே.”

“உங்க பாப்பா மேல இருந்ததுக்கு அத்தாட்சி இல்லிங்க சார். கீழயே இருந்துட்டாங்கன்னு சொன்னாங்க. காய்ச்சலுன்னு.”

“ஆமா. மாமன் வூட்டுக் கல்யாணத்துக்குப் போயி வந்ததும் காய்ச்சல் வந்துடுச்சு.” குரலைத் தணித்துக்கொண்டார். “இருந்தது கீழன்னாலும், அவ மனசு பூரா மேலதாம்மா இருந்துச்சு.”

“எம் பொண்ணும் அப்பிடித்தாங்க சார். பொறந்தது கீழ. மத்ததெல்லாம் மேல.”

அய்யப்பன் சார் எழில்மதியைப் பார்த்தார். அவள் அவருடைய பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எங்கள் கோப்பை எடுத்துக்கொண்டு உள்ளே அதிகாரி அறைக்குப் போனார். எட்டு மாதமாகத் தீவிரப் பரிசீலனையில் இருந்த மேற்படி விண்ணப்பம், பதினொரு நிமிடத்தில் பரிசீலிக்கப்பட்டது. சான்றிதழ் என் கைக்கு வந்தது. ஃபாரம் அவர் கைக்குப் போனது. ‘செய்த சேவையின் விவரம்’ என்ற இடத்தை அவரே நிரப்பிக்கொண்டார். ஒரு முழுப் பக்கம். ஆபீஸ் எழுத்து, அழகாக இருந்தது. அடியில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினேன்.

எழில்மதி இப்போது ஹாஸ்டலில் ஒன்றாவது படிக்கிறாள்.

போன வாரம் ராஜதுரை சார் போன் செய்தார். அந்தப் பயணத்தில் சிறந்த சேவைக்கான கேடயம் ராதிகாவுக்குக் கிடைத்ததாம். மற்ற பிள்ளைகளின் ஃபாரத்தில் ஒரு வரிதான் இருந்ததாம், இதில் மட்டும்தான் ஒரு பக்கம். “மனசுக்குக் கஷ்டமா இருக்கும்மா” என்றார்.

எனக்கு அதில் ஆட்சேபணை எதுவும் தோன்றவில்லை. நாற்பது பேர் வந்தார்கள்; தொட்டித் தண்ணீரும் கடுக்காயும் போயின. வராத ஒரு பெண்ணால்தான் என் மகள் பள்ளிக்கூடம் போனாள்.

“அப்புறம்மா, கேடயம் குடுத்ததுலேர்ந்து பசங்க ஒண்ணு கேக்குதுங்க. அடுத்த வருசம் அவங்களும் வராமயே சேவை செய்யலாமான்னு. ஃபாரத்த மட்டும் அனுப்பி வச்சிடறோம்.”

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த பாவாயி அக்கா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

“அனுப்புங்க சார். யாரு அப்பன் எந்த ஆபீஸ்ல இருக்கான்னு ஃபாரத்துலயே எழுதச் சொல்லுங்க. தண்ணி ஆபீஸு, ரோட்டு ஆபீஸு புள்ளைங்கள மொதல்ல போடுங்க. அப்பன் ஆபீஸ்ல இல்லாத புள்ளைங்க இருந்தா, அதுங்க வந்து பெருக்கட்டும்.”