எந்தப் பக்கமா வந்தீங்க?

ஊவாவில் ஓர் இனம் இருக்கிறது. ரோட்டுப் பண்டிதர் என்று வைத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்பைத் தாண்டியிருக்க மாட்டார். ஆனால் பதுளையிலிருந்து புறப்படும் ஒவ்வொரு பெருந்தெருவுக்கும் அரசாங்கம் வைத்த நம்பர், வெள்ளைக்காரன் கோப்பி இறக்க வண்டிப்பாதை வெட்டிய கதை, எந்த வளைவில் எந்த பஸ் கவிழ்ந்தது என்பது வரை எல்லாம் வாயிலேயே இருக்கும். நான் யாரையும் திட்டவில்லை. என்னைத்தான் சொல்கிறேன்.

எங்களை அடையாளம் காண்பது சுலபம். மனைவியைப் பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வருகிறேன் என்று நீங்கள் கண் கலங்கினால், என்ன வருத்தம் என்றா கேட்போம்? "எந்தப் பக்கமா போனீங்க?" என்போம். செத்த வீட்டிலும், பெட்டி எந்த ரோட்டால் வந்தது என்பதுதான் எங்கள் துக்கம். பண்டாரவளையில் நப்ரீஸின் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தால், சிந்திய பிளேன்டீயில் விரலைத் தொட்டு, மேசை முழுக்க ஏ பதினாறு ரோட்டை இழுத்து, ஹாலிஎலயில் அதை ஏ ஐந்தோடு முடிச்சுப் போட்டு, சீனிப் போத்தலை அப்புத்தளையாக நட்டு வைப்பேன். நப்ரீஸ் துணியோடு வந்து நிற்பான்.

"அண்ணே, பதுளைய தொடச்சிரட்டுமா? ஆளுங்க சாப்பிட வந்திருக்காங்க."

போன ஆவணியில் என் அக்கா மகன் தனேஸ்வரனுக்குக் கொஸ்லந்தையில் கல்யாணம். பண்டாரவளையிலிருந்து மாப்பிள்ளையும் அக்காவும் காரில் முன்னால் போனார்கள்; நான் பின்னால் வேனில். போகுமுன் தாலித் தட்டை என் மடியில் வைத்து, "தம்பி, நேரா வந்து சேரு" என்றாள் அக்கா.

வேன் ஓட்டிய அஜந்தன், அப்புத்தளை தாண்டிப் பெரகலையில் ஏ நாலு ரோட்டுக்குத் திரும்பினால் முடிந்தது என்றான். போனைப் பார்த்துச் சொல்கிறான். போன் எந்தத் தோட்டத்தில் பிறந்தது?

"பழைய கோப்பி ரோடு ஒன்னு இருக்கு, தம்பி. அதால விட்டா மாப்பிள்ளைக்கு முன்னாடி நிப்போம்."

திருப்பினோம். தேயிலைத் தோட்டத்து முகப்பில் பாதை மூடியிருப்பதாகப் பலகை. மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. எனக்கல்ல என்று மூன்றிலும் வாசித்துக்கொண்டேன்.

ரோடு தேயிலைக்குள் போய் முடிந்தது. முடிந்தது என்றால் முடிந்தது. என்றைக்கோ மண்சரிவில் போன இடத்தில் கன்று நட்டு, அது வளர்ந்து, பெண்கள் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமோய், கொழுந்து ஏத்தவா வந்தீங்க?" என்றாள் ஒருத்தி. மடியிலிருந்த தட்டைக் கண்டதும் வாயைப் பொத்தினாள். "ஐயோ, பொண்ணு அங்க, தாலி இங்கயா? நல்ல மாமன்தான் போங்க!"

திருப்ப இடமில்லை. வேன் பின்பக்கமாகவே மலையேறியது. போன் அடித்தது. தனேஸ்வரன்.

"மாமா, எங்க நிக்கிறீங்க?"

"இது வந்து மாப்ள, வெள்ளைக்காரன் காலத்துல..."

"மாமா, ஐயரு வரலாறு கேக்கல. தாலி கேக்குறாரு. நேரம் முடியப்போகுது!"

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. பெண்ணின் கழுத்தில் கயிறும், அதில் ஒரு மஞ்சள் துண்டும். நல்ல நேரம் தவறக் கூடாதென்று ஐயர் அதைக் கட்ட வைத்துவிட்டார். தட்டை நீட்டினேன். அக்கா வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். பிறகு, "போ, சாப்பிடு" என்றாள். மன்னித்துவிட்டாள். அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

பெண்ணின் அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று தலை குனிந்தேன்.

"எந்தப் பக்கமா வந்தீங்க?" என்றார் மெல்ல.

சொன்னேன். அவர் கண் மின்னியது. ரசத்தில் விரலைத் தொட்டு என் இலையில் ஒரு கோடு இழுத்தார். "அட, அந்தக் கோப்பி ரோடா! நீங்க மேல் லயத்து வீடுங்ககிட்ட திரும்பியிருக்கணும்!"

நானும் விரலைத் தொட்டேன். அப்பளத்தைப் பெரகலையாக வைத்தேன். நிமிர்ந்தால், எதிரே அக்கா. அன்றோடு என்னுடன் அவளுக்குப் பேச்சு நின்றது.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால், பெரகலை எதற்கு, எல்ல டவுன் பக்கம் இறங்கி வெல்லவாயவால் ஏறி வந்திருக்கலாமே என்று வாசிக்கும்போது உங்களுக்கு ஒரு நினைப்பு ஓடியதல்லவா?

விரலை எடுங்கள். நப்ரீஸ் துணியோடு நிற்கிறான்.