பெயிலாகத் தெரியாதவன்

பள்ளிக்கூடத்தில் எழுதிய பரீட்சைகளில் பாதிக்கு மேல் தோற்றவன் மாரீஸ்வரன். ஒருமுறைகூட அதற்காக அவன் முயற்சி எடுத்ததில்லை. தானாகவே நடந்தது. அதனால், வேண்டுமென்றே தோற்பது அதைவிடச் சுலபமாக இருக்கும் என்று நம்பிவிட்டான்.

விஷயம் இதுதான். மனைவி ஷாலினிக்கு சயானில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கூடி வந்திருந்தது. காலை ஏழு முதல் பன்னிரண்டு வரை, வருகிறவர்களின் பெயரைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். மாரீஸ்வரனுக்குத் தாராவியிலேயே ஒரு பட்டறையில் தோல் பெல்ட் பின்னுகிற வேலை. மதியம் இரண்டு மணிக்குப் போனால் ராத்திரி பதினொன்றுக்குத் திரும்புவான். காலை ஒன்பது வரை தூங்குவது அவன் பிறப்புரிமை.

"பிள்ளைகள யாரு பாக்குறது?" என்று ஒரே கேள்வியில் அந்தப் பேச்சை முடித்துவிட்டான். பிள்ளைகள் இரண்டு. ஒன்றாம் வகுப்பு மானசா, மூன்று வயது நகுல்.

ஷாலினி சண்டை போடவில்லை. அங்கேயே அவன் சுதாரித்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அவன் பட்டறைக்குக் கிளம்பும்போது சொன்னாள்: "ஏங்க, பாண்டுப்புல அக்காவுக்குக் காய்ச்சலாம். நாளைக்கு விடியுமுன்ன போயிட்டு மதியம் வந்துருதேன். ஒரு காலைதான். பாத்துக்கிடுவீங்களா?"

"நானா?"

"பின்ன, நகுலா பாப்பான்?"

மறுக்க வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான். ஒரே ஒரு காலை. அதை உருப்படாமல் அடித்துவிட்டால்? தண்ணீர் பிடிக்காமல், பிள்ளையை நேரத்துக்கு அனுப்பாமல், டைரியில் டீச்சர் கையால் ஒரு கண்டனமும் வாங்கிவிட்டால், அப்புறம் அவள் வேலை என்று பேச வாய் வருமா?

"போயிட்டு வா. அக்காதான முக்கியம்" என்றான், பெருந்தன்மையோடு.

புதன் காலை ஆறு மணிக்குத் தெருக் குழாயில் தண்ணீர் வந்தது. முக்கால் மணி நேரம்தான் வரும். மாரீஸ்வரன் கண்ணை இறுக்க மூடிக் கிடந்தான்.

"பப்பா, தண்ணி."

குறட்டை விட்டான்.

"பப்பா, அது பொய்க் குறட்டை. நெஜக் குறட்டையில விசில் வரும்."

மானசா அதோடு விட்டுவிட்டாள். தூங்கிக்கொண்டிருந்த நகுலைத் தூக்கி அப்பன் நெஞ்சில் படுக்க வைத்துவிட்டுப் போனாள். இரண்டு நிமிஷம் சுகமாக இருந்தது. மூன்றாவது நிமிஷம் பனியன் நனைந்து, சூடாக வயிற்றில் இறங்கியது. குளிக்கத் தண்ணீர் வேண்டும். ஓடிப்போய்ப் பிடித்தான். பிடிக்கிறவன் ஒரு வாளியோடு நிறுத்தவா முடியும்? பின்னால் நின்ற பெண்கள் "டிரம்மையும் நெறச்சிருங்கண்ணே" என்றார்கள். நிறைத்தான்.

சரி, சாப்பாட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று டப்பாவில் இரண்டு பாவ் ரொட்டியைத் திணித்தான்.

"பப்பா, பாவ் குடுத்தா டீச்சர் டைரியில எழுதுவா."

"எழுதட்டும்ட்டி!"

"எழுதிட்டு அப்பாவ வரச் சொல்லுவா. வந்தா இங்கிலீஷ்ல கேப்பா. ரொம்ப நேரம் கேப்பா."

மாரீஸ்வரன் மாவை எடுத்துத் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தான். முதல் தோசை பிய்ந்தது. இரண்டாவதை மானசா சொன்னபடி தீயைக் குறைத்துச் சுட்டான். வட்டமாக வந்து தொலைத்தது.

மிச்சமிருந்தது தலை. இரட்டைப் பின்னல் போட்டு, மடித்து, ரிப்பன் கட்ட வேண்டும் என்பது பள்ளிக்கூடச் சட்டம். இதைக் குருவிக்கூடாக்கி அனுப்பினால் போதும். ஊரே பார்க்கும். நம்பிக்கையோடு சீப்பை எடுத்தான்.

அங்கேதான் கெட்டது. முடியை மூன்றாகப் பிரித்ததும் கை அவன் பேச்சைக் கேட்கவில்லை. பதினேழு வருஷமாகத் தோல் வார் பின்னிய கை. கோணலாகப் பின்னப் பார்த்தான். விரல்கள் தாமாகவே இழுத்துச் சரிசெய்தன. மூன்று வாராக ஆரம்பித்தது, கழுத்துக்குக் கீழே ஐந்து வாராக மாறியது. ஓரம் பிசிறில்லை. ஏற்றுமதித் தரம்.

மானசா கண்ணாடியைப் பார்த்தாள். "அம்மாவுக்கு இது வராது" என்றாள் மெதுவாக.

அந்தச் சொல்லை அவன் கேட்காமல் இருந்திருக்கலாம்.

பள்ளிக்கூட வாசலில் அம்மாக்கள் கூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்தர் பானு பின்னலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாருண்ணே பின்னுனது?"

"நாந்தான்."

"டப்பாவுல இருக்குற தோசை?"

"அதுவும் நாந்தான்."

"தண்ணி புடிச்சு, ரெண்டு புள்ளையும் கெளப்பி, ஒத்த ஆளாவா? கஷ்டமா இல்ல?"

மாரீஸ்வரனை வாழ்க்கையில் யாரும் சுற்றி நின்று பார்த்ததில்லை. மார்பு விரிந்தது. "இதுல என்ன கஷ்டம்? நான் நெனச்சா தெனமும் செய்வேன்!"

அக்தர் பானு கையில் போன் இருந்தது. எப்போதும் இருப்பதுதானே என்று விட்டுவிட்டான்.

திரும்பும் வழியில், ரயில் மேம்பாலத்தில் நகுல் நின்றுவிட்டான். இழுத்தாலும் வரவில்லை. ஒரு ரயில் வந்தது. முழுசாகப் போய் முடியும்வரை கையாட்டினான். "நீயும் காட்டு. அம்மா காட்டுவா" என்றான். மாரீஸ்வரனும் காட்டினான். வாசலில் தொங்கிய ஒருவன் பதிலுக்குக் கையசைத்தான். தான் தூங்குகிற நேரத்தில் அம்மாவும் பிள்ளையும் தினமும் இங்கே நிற்கிறார்கள் என்று நினைத்தபோது அவனுக்கு என்னவோ போலிருந்தது. என்னவென்று யோசிப்பதற்குள் நகுல் செருப்பில்லாத ஒற்றைக் காலைக் காட்டினான். செருப்பு பாலத்துக்குக் கீழே கிடந்தது.

பன்னிரண்டே முக்காலுக்குத்தான், தோற்க வேண்டிய பரீட்சை நினைவு வந்தது. அவசரமாக ஈரத்துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பாயில் விழுந்தான். ஷாலினி மானசாவையும் அழைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"என்னங்க, உடம்புக்கு என்ன?"

"செத்தேன் ஷாலினி. ஒரே காலைல உசிரு போச்சு. இது ஆம்பளையால ஆவாது. நீ இல்லாம இந்த வீடு நடக்காது. அந்த வேலைக்கு வரலேன்னு சொல்லிரு."

ஷாலினி போனை எடுத்துத் தட்டினாள். பள்ளிக்கூட வாசலின் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் கணீரென்று கேட்டது. "இதுல என்ன கஷ்டம்? நான் நெனச்சா தெனமும் செய்வேன்!"

"கிளாஸ் குரூப்புல நாப்பது பேரு கைதட்டியிருக்காங்க" என்றாள்.

மாரீஸ்வரன் துண்டை அவிழ்த்தான். பேச்சை மாற்றுவது நல்லது என்று பட்டது.

"அக்காவுக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு?"

"அவளுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கா. நான் பாண்டுப்புக்கே போகல. சயானுக்குத்தான் போனேன். இன்னைக்கு எனக்கு மொத நாளு."

அவன் எழுந்து உட்கார்ந்தான்.

"என்னைக் கேக்காமலா? நான் இன்னும் சரின்னு சொல்லலியே!"

"அவசரமே இல்ல, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள் ஷாலினி. "நாளைக்கு வேலைக்குப் போயிட்டு வந்து கேட்டுக்கிடுதேன்."