குனியாமல் நுழையும் கூடாரம்

மலாக்காவில் வாழ்நாள் முழுவதும் எவனுக்கும் எதற்கும் குனியாத ஒரே மனிதர் எங்கள் தியாங் அண்ணன்தான். கொள்கை ஒன்றுமில்லை, முதுகுவலி. தியாங் என்றால் மலாயில் தூண். அவருடைய சொந்தப் பெயர் நாங்கள் குடியிருந்த காஜா பேராங் வட்டாரத்தில் யாருக்கும் தெரியாது. அவருக்கே யோசித்துத்தான் சொல்ல வரும்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த உத்தியோகத்தைப் பாருங்கள்: வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பது. மீட்டர் தரையோடு தரையாகக் கிடக்கும். அண்ணன் ஒரு பிரம்பின் நுனியில் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே அதை நீட்டி எண்களைப் படிப்பார். "கண்ணாடியில எல்லாம் திரும்பித் தெரியுமே அண்ணே?" என்று கேட்டேன். "பழகிடுச்சுடா. இப்ப நேரா இருந்தாத்தான் படிக்க வரல" என்றார்.

துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட வேண்டுமே? அதற்கு நான் இருந்தேன். "என் கணக்குல மூணு போடுடா" என்று சொல்லிவிட்டு, நான் போடுவதைக் கண்கொட்டாமல் பார்ப்பார். முழங்கால் சரியாக மடங்காவிட்டால், "அது செல்லாது, இன்னொண்ணு" என்பார்.

முதுகு எப்படிப் போனது என்பதற்கு ஆளுக்கு ஒரு கதை. என்னிடம் தென்னை மரத்திலிருந்து விழுந்ததாகச் சொன்னார். பக்கத்து வீட்டில், ஜப்பான்காரனின் பியானோவைத் தனி ஆளாகத் தூக்கியதாகச் சொன்னார். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் மாட்டினால் தீர்ந்தது. காஜா பேராங் என்றால் கோபம் கொண்ட யானை அல்லவா? அந்த யானை மிதித்த முதுகுதான் இது என்று சட்டையைத் தூக்கிக் காட்டிவிடுவார்.

மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டின் சுதந்திர நாளுக்கு, ஒரு மாதம் இருக்கும்போது, முடிவெட்டும் கடையில் அண்ணன் அறிவித்தார். கோலாலம்பூருக்குச் சைக்கிளில் போகப் போகிறாராம்.

"நம்ம கொடி ஏறுறப்ப அங்க நேரா நிக்கணும். என் கண்ணால பாக்கணும்."

கடையே சிரித்தது. "பக்கத்து ஊரு தம்பின்கூடத் தாண்ட மாட்டீங்கண்ணே!" என்றார் முடிவெட்டுபவர். பஸ்ஸில் போகலாமே என்றதற்கு, "அவன் குலுக்குற குலுக்குல நான் ரெண்டு ஆளா இறங்கணும்" என்றார் அண்ணன்.

நான் சிரிக்கவில்லை. எனக்கும் அந்தக் கொடியைப் பார்க்கும் பைத்தியம் பிடித்திருந்தது. பெண்டஹாரா தெருத் துணிக்கடைக் காசியும், சைக்கிள் கடை மணியமும் சேர்ந்துகொள்ள, நாலு பேர் ஆனோம்.

வழியில் தெரிந்தவர்கள் வீட்டில் தங்குவதற்கு அண்ணன் சம்மதிக்கவில்லை. "காலைல அவங்கதான் என்னைத் தூக்கி நிறுத்தணும். மானம் போயிரும்" என்றார். ஆகவே கூடாரம் வேண்டும். அதற்கு மூன்று நிபந்தனைகள் போட்டார். குனியாமல் உள்ளே போக வேண்டும். நின்றபடி கையை விரித்து வேட்டி கட்ட வேண்டும். கேன்வாஸ் கட்டில் போட்ட பிறகும், புரண்டால் அடுத்தவன் மேல் கை படக்கூடாது. பெண் தேடுகிறவர்கள்கூட இத்தனை கேட்க மாட்டார்கள்.

முதலில் பட்டாளத்துப் பழைய சாமான் விற்கும் சீனர் கடைக்குப் போனோம். இடுப்பு உயரத்தில் ஒரு கூடாரம் இருந்தது. "இது சரிப்படாது" என்று வெளியிலிருந்தே சொல்லியிருக்கலாம். படுத்துப் பார்க்காமல் எதையும் தள்ளக் கூடாது என்று அண்ணன் எங்கள் தோளைப் பிடித்துச் சரிந்து, உருண்டு உள்ளே போனார். போனவர் வரவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது. அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்த தௌக்கே, கடை முதலாளி, "லு மாவ் பெலிகா, மாவ் தீடோர்?" என்று கத்தினான். வாங்கப் போகிறாயா, தூங்கப் போகிறாயா என்று அர்த்தம். கடைசியில் முளைகளைப் பிடுங்கிக் கூடாரத்தை அவர் மேலிருந்து உரித்தெடுத்தோம்.

அடுத்து ஒரு பள்ளிக்கூடத்துச் சாரணர் கூடாரம். அதில் அண்ணனின் தலை உள்ளே இருந்தால் கால் வெளியே இருந்தது. காலை உள்ளே இழுத்தால் தலை புக்கிட் பாரு பக்கம் எட்டிப் பார்த்தது.

கடைசியாக, மலாய் பேசும் தமிழர்கள் குடியிருக்கும் செட்டிக் கம்பத்தில் ஒரு பெரியவரிடம் அண்ணன் தன் மனதுக்குப் பிடித்ததைக் கண்டுபிடித்தார். ஆளுயரத்துக்கும் மேலே இரண்டு பெரிய மூங்கில் கம்பு, ஓரத்துக்கு நாலு கம்பு, வெள்ளைக் கேன்வாஸ், சுற்றிலும் தொங்கல். பெரியவர் பதறிப்போனார்.

"இனி கெமா காவின்-லா, புக்கான் கெமா தீடோர்!" கல்யாணக் கூடாரமப்பா, படுக்கிற கூடாரம் இல்லை என்கிறார்.

அண்ணன் காதில் அது விழவே இல்லை. உள்ளே நிமிர்ந்து நடந்து போனார். வேட்டியை அவிழ்த்து இரண்டு பக்கமும் விரித்துக் கட்டினார். எந்தப் பக்கமும் இடிக்கவில்லை. வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"இதுதாண்டா!"

"இதை எப்படிண்ணே சைக்கிள்ல கொண்டு போறது?" என்றான் மணியம்.

"அது உன் தொழில்."

மணியம் இரண்டு சைக்கிள்களை முன்னும் பின்னுமாக நிறுத்தி, கம்புகளை இரண்டுக்கும் பொதுவாக நீளக் கட்டி, வெள்ளைக் கேன்வாஸை மேலே சுருட்டி வைத்தான். முன் சைக்கிளில் காசி, பின் சைக்கிளில் நான். காசி பிரேக் பிடித்தால் கம்பு என் நெஞ்சில் குத்தும். கட்டில் மணியத்தின் முதுகில். அண்ணனுக்குப் பாரமே கிடையாது. இலவம்பஞ்சுத் தலையணை கட்டிய சீட்டில், தோள் உயரத்துக்கு ஏற்றிய ஹேண்டில்பாரைப் பிடித்தபடி தேரில் வருவதைப் போல வந்தார்.

ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி காலை பசியாறிவிட்டுப் புறப்பட்டோம். அலோர் காஜாவுக்கு முன்பே கவனித்தேன். எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் இறங்கித் தலைப்பாகையை அவிழ்த்தார். ஒரு மலாய்க்காரர் ஓரமாக ஒதுங்கித் தலை குனிந்தார். நீளக் கம்பு, வெள்ளைத் துணி, பின்னால் சோர்ந்துபோன இரண்டு பேர். பார்க்கிறவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு அம்மா ஓடி வந்து அண்ணனிடமே கேட்டாள்:

"பாவமே, யாருங்க தவறிட்டது?"

"நான்தாம்மா. இன்னும் கொஞ்ச தூரம் இருக்கு" என்றார் அண்ணன்.

அந்த வேடிக்கையெல்லாம் முதல் நாளோடு சரி. மறுநாள் தம்பின் தாண்டினோம். அதை முடிவெட்டுபவருக்குத் தந்தி அடிக்க வேண்டும் என்றார் அண்ணன். அதற்குப் பிறகு மைலுக்கு ஒரு தடவை ரோட்டோரத்தில் நீட்டிப் படுத்தார். ரெம்பாவ் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து வாசலில் சைக்கிளை விட்டு இறங்கியவர், மறுபடி ஏறவில்லை. சாயங்காலம் ஆகிவிட்டது. கோலாலம்பூர் இன்னும் ஐம்பது மைலுக்கு மேல். விடிந்தால் கொடி ஏறிவிடும்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. "சின்னக் கூடாரமா எடுத்திருந்தா இந்நேரம் சிரம்பான் போயிருப்போம்லா!" என்று கத்திவிட்டேன்.

அப்போதுதான் கொடி கட்டிய லோரி ஒன்று வந்து நின்றது. கோலாலம்பூர் போகிறதாம், மூன்று பேர் ஏறலாமாம். லோரிக் குலுக்கலை அண்ணன் முதுகு தாங்காது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"போங்கடா. கூடாரத்த மட்டும் அடிச்சுக் குடுத்துட்டுப் போங்க" என்றார்.

"அடிக்க நேரமில்லீங்க!" என்று லோரிக்காரன் ஹாரன் அடித்தான். காசியும் மணியமும் ஏறிவிட்டார்கள். நானும் ஒரு காலை வைத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால், மனிதர் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் மூங்கிலை நிமிர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே காலை இறக்கினேன். லோரி போய்விட்டது.

தோட்டத்துக் கணக்கு வழக்கைப் பார்க்கிற கிராணி, தன் வீட்டுக்கு எதிரே இருந்த திடலில் இடம் கொடுத்தார். "கூடாரம் போட்டா காட்டுல ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்ட்டுன்னு சொல்லப் போறாங்க" என்று முதலில் பயந்தார். பிறகு கல்யாணத் தொங்கலைப் பார்த்துவிட்டுச் சமாதானமானார்.

விடிந்தபோது கொட்டுகொட்டென்று மழை. கிராணி தன் ரேடியோவைத் திடலில் வைத்து, தோட்டத்து ஜனங்கள் எல்லாரும் கேட்க ஏற்பாடு செய்திருந்தார். அவர் வீட்டு வராந்தாவில் பத்துப் பேர் நிற்க முடியாது. மற்றவர்கள் வாழை இலையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு திடலிலேயே நனைந்தார்கள். கட்டிலிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார்:

"உள்ள வாங்க! குழந்தைகளைத் தோள்ல வெச்சுக்கிட்டே வாங்க, இடிக்காது!"

வந்தார்கள். வந்துகொண்டே இருந்தார்கள். கிராணியும் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தார். தரை ஈரமாக இருந்ததால் அதை வைக்க இடமில்லை. அண்ணன் என் தோளைப் பிடித்து எழுந்தார், கட்டிலை ரேடியோவுக்குக் கொடுத்தார். காற்றில் ஆடிய நடுக்கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றார். முகம் வெளுத்துப்போனது. உட்காருங்கள் என்று சொன்னதற்கு என்னை முறைத்தார்.

ரேடியோவில் மெர்டேக்கா முழக்கம் கேட்டது. கூடாரம் முழுக்கத் திருப்பிக் கத்தியது. பிறகு தேசிய கீதம். அண்ணன் கம்பை என் கையில் கொடுத்தார். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் வைத்து, எதையும் பிடிக்காமல், கண்ணை மூடிக்கொண்டு, நெட்டுக்குத்தலாக நின்றார்.

கோலாலம்பூர் போன காசிக்கு முன்னால் நின்றவனின் குடைதான் தெரிந்ததாம். அது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த நிமிஷத்தில் எனக்கு நஷ்டம் நஷ்டம்தான். ஆனால் அந்த மனிதர் மேல் கோபத்தைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

கீதம் முடிந்ததும் அப்படியே என் மேல் சாய்ந்தார். நாலு பேர் பிடித்து அவரைப் படுக்க வைத்தோம். கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"கொடி ஏறிடுச்சாடா?"

"ஏறிடுச்சுண்ணே."

"நீ பாத்தியா?"

"பாத்தேண்ணே" என்றேன். பொய் சொன்னதாக இன்று வரைக்கும் எனக்குத் தோன்றவே இல்லை.