நிழலில் காய்ந்த நீலத் துணி

மட்டக்களப்பு வாவிக்கு இந்தக் கரையிலயும் சரி, அந்தக் கரையிலயும் சரி, கஞ்சி டெய்லரைப்போல மனிசரை மெனக்கெடுத்துற ஆளைக் கடவுள் படைக்கல்ல.

புளியந்தீவில கடை. சொந்தப் பேர் ஆருக்கும் தெரியாது. வழுக்குற துணி எதைக் குடுத்தாலும் முதல்ல கஞ்சியில முக்குவார். விறைச்சாத்தான் மெஷினில நழுவாம ஓடுமாம். தைச்ச பிறகு அலசிவிட்டாப் போயிடும். சரியான கதைதான். நான் பெரிசாப் படிக்காதவள், ஆனா துணி எனக்குத் தெரியும்.

கறுப்புத் துணிக்குச் சோத்துக் கஞ்சி ஆகாது, வெள்ளை வெள்ளையாப் பூக்கும். சவ்வரிசிக் கஞ்சி மெல்லிசு, கெதியாக் காயும். மரவள்ளி மாக் கஞ்சி தடிப்பு, காய நேரம் எடுக்கும். அதை விரலால தொட்டு நக்கி, கண்ணை மூடி, "ஆ!" எண்டுவார். கொஞ்சம் விட்டா உப்புக் கேப்பார்.

தங்கச்சிட மகனுக்குக் கலியாணம். என்ட மகள் வெளிநாட்டில இருந்து அனுப்பின சீலை பிந்தித்தான் வந்தது. விடிஞ்சா கலியாணம் எண்ட நிலையில நீலச் சாட்டின் பிளவுஸ் துணியோட ஓடினன். கடைசி வவுணதீவு பஸ்ஸை விட்டா வீடு போக வழியில்ல. மனிசன் ஆறுதலா மரவள்ளி மாவைக் கூழாக் காய்ச்சி, துணியை முக்கி, கடைக்குள்ள இருட்டு மூலையில தொங்கவிட்டார். வெளியில மண்டையைப் பிளக்குற வெயில்!

"அண்ணன், வெயில்ல போடுங்களன்."

"நீலம் வெளுத்திடும் புள்ள. இரி, தேத்தண்ணி குடி."

குடிச்சன். அவர்ர மனிசி செத்த கதை, மகன் போன் எடுக்காத கதை, பூனை திண்டதெல்லாம் சத்தி எடுத்த கதை எல்லாம் கேட்டன். துணி இன்னும் சொட்டுது. பின்வளவுக்குப் போனா, அடுத்த தெரு டீச்சரம்மாட துணி வெயில்ல அப்பளமாக் காஞ்சு கிடக்கு. அதுவும் நீலம்!

"இது வெளுக்காதா?"

அளவு நாடாவைக் கழுத்தில சுத்திச் சுத்தி முழிச்சார்.

"அவ இருந்து கதைக்க மாட்டா புள்ள. அவக்குச் சவ்வரிசி போதும். நீ வந்தாத்தான்..." எண்டு நிப்பாட்டிட்டார்.

நானே துணியைத் தூக்கி வெயில்ல போட்டன். தைச்சுத் தந்தார். ஓடிப்போய் பஸ்ஸைப் பிடிச்சன்.

கலியாண வீட்டில எல்லாரும், "இது எங்க தைச்ச?" எண்டு கேட்டாங்க. தலையை நிமித்திக்கொண்டு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தன். கலியாணம் எப்பிடி எண்டு கேக்க உள்ளுக்க ஒருத்தரும் இல்ல.

அடுத்த கிழமை திரும்பவும் பஸ் ஏறினன். கையில தடிச்ச பருத்தித் துணி. அதுக்குக் கஞ்சியே தேவையில்ல. அவருக்கும் அது தெரியும்.

"மரவள்ளி மாவே காய்ச்சுங்க அண்ணன்," எண்டன். "நல்லாத் தடிப்பா. நிழல்லயே போடுங்க."